நெயில் பாலீஷ் வைத்த பக்கம்

மகள் போன மாதம் வந்தபோது ஒரு தொட்டிச் செடி வாங்கி வந்தாள். "பாட்டனி டீச்சர் வூட்டுல வெறும் செம்பருத்தியும் கத்தாழையுமா இருந்தா நல்லாவாம்மா இருக்கு?" என்று வாசலில் வைத்துவிட்டு மறுநாளே சென்னைக்குப் பஸ் ஏறிவிட்டாள். கிறிஸ்துமஸ் மரம் என்று சொல்லி நர்சரியில் கொடுத்தார்களாம். இடுப்பு உயரம். அடுக்கடுக்காகக் கிளை, கிளையெல்லாம் ஊசி ஊசியாக இலை. உனக்கு என்றால் தெருமுனையிலிருந்தே தெரிந்திருக்கும். அரோகேரியா.

ஆடிக் காற்றுக்கு அது நிற்கவில்லை. இரண்டு நாளில் மூன்று தடவை சாய்ந்தது. நிமிர்த்தி நிமிர்த்தி எனக்கு இடுப்பு விட்டுப்போனது. அண்டை கொடுக்க ஒரு கல் கிடைக்காதா என்று கொல்லையில் தேடி, தண்ணீர் டிரம்முக்கு அடியில் முட்டுக் கொடுத்திருந்த கல்லை இழுத்தேன். பாசி பிடித்துக் கிடந்தது. குழாயடியில் தேய்த்துக் கழுவினால் ஒரு பக்கம் வழவழவென்று மிஷினில் அறுத்த முகம். எதிர்ப்பக்கம் சொரசொரப்பாக இருந்தது. அதன் நடுவில் துவரம்பருப்பு அளவுக்கு ஒரு சிவப்புப் புள்ளி. உன் நெயில் பாலீஷ்.

குழாயடியிலேயே உட்கார்ந்துவிட்டேன். இத்தனை வருடமாக உன் கல்லின் மேல் டிரம்மை வைத்துத் தண்ணீர் பிடித்துக்கொண்டிருந்திருக்கிறேன். யார் கொண்டுபோய் அங்கே வைத்தது என்றுகூட நினைவில்லை. நானாகத்தான் இருக்கும். இந்த வீட்டில் கல்லும் மண்ணும் சுமப்பதற்கு வேறு ஆள் எப்போது இருந்தது?

நாம் முதலில் பேசிக்கொண்டது பிளஸ் டூ விடைத்தாள் திருத்தும் முகாமில். பெரம்பலூர் தனி மாவட்டமான புதிது. நான் பெரம்பலூர் பெண்கள் பள்ளி, நீ அரியலூர்ப் பக்கத்துப் பள்ளி. இரண்டு பேரும் தாவரவியல், இரண்டு பேருக்கும் ஒரே வயது. ஊசியிலை மரத்துக்கு ஓர் எடுத்துக்காட்டு என்ற கேள்விக்கு ஏதோ ஒரு பிள்ளை "கிறிஸ்துமஸ் மரம்" என்று எழுதியிருந்தது. விடைக்குறிப்பில் பைனஸ் என்று இருந்தது, நான் அடித்துவிட்டேன். பக்கத்து நாற்காலியிலிருந்து எட்டிப் பார்த்த நீ, "ஏங்க அடிச்சிங்க? அந்தப் புள்ள கண்ணால பார்த்த மரத்த எழுதியிருக்கு. பைன் மரத்த இந்த ஜில்லாவுல எவ பார்த்தா?" என்றாய். முதன்மைத் தேர்வாளர் வரைக்கும் போய்ச் சண்டை போட்டாய். அவர் மசியவில்லை. சாப்பாட்டு நேரத்தில் எனக்கு உன் எலுமிச்சம்பழச் சோற்றில் பாதியைக் கொடுத்துவிட்டு, "நீங்க என்ன பண்ணுவீங்க, குறிப்புல இருக்கறதத்தானே பார்க்கணும்" என்றாய். சமாதானமா குத்தலா என்று எனக்கு அன்றைக்குப் பிடிபடவில்லை. அடுத்த முகாமுக்குள் வாங்க போங்க போய் வாடி போடி வந்துவிட்டது.

அரோகேரியா மேல் உனக்கு இருந்தது பித்து. வேறு வார்த்தை எனக்குத் தெரியவில்லை. உன் வாடகை அறைச் சுவரில் பழைய பள்ளிக்கூட உலகப் படம் ஒன்று தொங்கும். அந்த மரம் தானாக வளர்கிற இடத்திலெல்லாம் சிவப்பு ஸ்டிக்கர் பொட்டு ஒட்டி வைத்திருந்தாய். சிலியில் ஒன்று, பிரேசிலில் ஒன்று, ஆஸ்திரேலியாவின் கீழைக் கரையில், நியூ கினியில், நார்ஃபோக் தீவில். நியூ கலிடோனியாவில் இத்தனை வகை இருக்கிறதென்று ஒட்டி ஒட்டி அந்தத் தீவே பொட்டுக்கு அடியில் மறைந்துபோயிருந்தது. எல்லாம் தெற்குப் பாதியில். ஆப்பிரிக்காவில் ஒன்றும் கிடையாது. நம் நாட்டிலும் கிடையாது. இங்கே இருப்பதெல்லாம் சர்ச் வாசலிலும் கலெக்டர் ஆபீஸ் தோட்டத்திலும் நட்டு வளர்த்தது.

"ஒரு காலத்துல எல்லாம் ஒரே நெலம்டி. தென் அமெரிக்கா, ஆஸ்திரேலியா, நாம, எல்லாம் ஒண்ணா ஒட்டிக்கிட்டு இருந்தோம்" என்பாய். "மத்தவங்கள்ளாம் அந்த மரத்த வெச்சிக்கிட்டாங்க. நாம மட்டும் வடக்க பார்த்து ஓடி வந்தோம், வர்ற வழியில தொலைச்சிட்டோம்."

உயிரோடு இருக்கிற மரத்துக்குச் சிவப்புப் பொட்டு, கல்லாகிப்போன மரத்துக்குக் கறுப்புப் பொட்டு என்று கணக்கு. கறுப்புப் பொட்டுகள் வடக்கிலும் இருந்தன. ஒரே ஒரு கறுப்புப் பொட்டை மட்டும் அட்டையிலிருந்து உரிக்காமல் படத்தின் ஓரத்தில் குண்டூசியால் குத்தி வைத்திருந்தாய். "அது நம்ம ஜில்லாவுக்கு. நாமளே பார்த்து, நாமளே ஒட்டணும்." எந்த ஜில்லா என்று நான் கேட்டேன். அரியலூரைப் பிரித்திருந்த வருடம் அது. மறு வருடமே திரும்பச் சேர்த்தார்கள். பிறகு மறுபடி பிரித்தார்கள். கண்டம் உடைந்ததற்குக்கூட இவ்வளவு ஆபீஸ் மாற்றம் நடந்திருக்காது என்று நீ சிரித்தது இன்னும் காதில் இருக்கிறது.

சாத்தனூர்க் கல்மரத்தைப் பார்க்கப் பிள்ளைகளைக் கூட்டிப் போன எல்லா டீச்சரையும் போலத்தான் நாமும் போனோம். ஆனால் உன் மரம் அதுவல்ல. அது வேலி போட்டுப் பலகை வைத்த மரம், அதைப் பார்க்க ஊரே இருக்கிறது என்பாய். உன்னுடையது அங்கிருந்து இரண்டு மூன்று மைல் தள்ளி, செல்லம்மாவின் மானாவாரிக் கொல்லையில் பாதி மண்ணுக்குள் கிடந்தது. ஆள் நீளத்துக்கு இரண்டு மடங்கு இருக்கும். செல்லம்மா அதன் மேல் மிளகாய் காயப்போட்டிருந்தாள்.

"எங்க மாமனார் காலத்துலேர்ந்து கெடக்குதுங்க இந்தக் கல்லு. ஏரு ஓட்டுனா கொழு மாட்டிக்கிது. ஒடச்சிப்புடணும்னு எங்க வூட்டுக்காரரு சொல்லிக்கிட்டே இருக்காரு" என்றாள்.

நீ மண்டி போட்டு உட்கார்ந்து அந்தக் கல்லைத் தடவினாய். வருட வளையம், கிளை முறிந்த கணு, எல்லாம் அப்படியே இருந்தது. "ஒடைக்காதீங்கம்மா. இது என்ன மரம்னு நாங்க பார்த்துச் சொல்லிட்டா, ஆபீஸ்ல எழுதிக் கொடுத்துக் காப்பாத்திடலாம்."

செல்லம்மா யோசித்தாள். "பேரு தெரிஞ்சா வெச்சிக்கறோம். சும்மா கல்லுன்னா பொங்கலுக்கு முன்னாடி ஒடச்சிடுவாரு. மாசி மாசம் வூடு கட்டப் போறோம், கடக்காலுக்கு ஆவும்."

அவ்வளவுதான் பேச்சு. பெயர் தெரிந்தால் மரம், தெரியாவிட்டால் அஸ்திவாரம். உன் பகுதி நேர ஆராய்ச்சியும் அதே கல்லில்தான் வந்து நின்றது. கல்லையும் கதையையும் கொண்டுவராதீர்கள், ஸ்லைடைக் கொண்டுவாருங்கள் என்று உன் வழிகாட்டி சொல்லிவிட்டார். அந்த மார்கழிக்குள் அவருக்குக் காட்டியாக வேண்டும். சாதாரண மரம் என்றால் பிளேடால் சீவலாம். கல்மரத்தை அறுத்து, கண்ணாடியில் ஒட்டி, வெளிச்சம் ஊடுருவுகிற அளவுக்கு அரைத்துத் தேய்க்க வேண்டும். உன்னால் அது முடியாது. அப்போதே உன் விரல் மூட்டெல்லாம் வீங்கிவிட்டது. சாக்பீஸ் பிடிக்கவே ஐந்து விரலும் சேர்ந்து பாடுபட்டன. என்னிடம் கேட்டாய். நான் சரி என்றேன். அப்போது நான் எதற்குத்தான் சரி என்று சொல்லவில்லை?

அந்த வருடத்தை உனக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. ஆனாலும் சொல்கிறேன். என் வீட்டுக்காரர் ரெட்டிபாளையம் பக்கம் சிமெண்ட் ஆலையில் ஷிப்ட். வாரத்துக்கு ஒரு நேரம், எதுவும் நிலை கிடையாது. மாமனார் பக்கவாதத்தில் படுக்கை. அவரைத் திருப்பிப் படுக்க வைப்பது, துடைப்பது, ஊட்டுவது எல்லாம் நான்தான். மகளுக்கு ஆறு வயது, ஓயாத இருமல். பள்ளிக்கூடத்தில் அரையாண்டுத் தாள் கட்டு கட்டாகக் காத்திருக்கும். ஐந்தாவது பீரியடில் கரும்பலகையைப் பார்த்து நின்றபடியே கண்ணை மூடித் திறந்திருக்கிறேன். பிள்ளைகளுக்குத் தெரியும், யாரும் சிரிக்கவில்லை.

செல்லம்மா கொல்லை மரத்திலிருந்து பெயர்த்த ஒரு துண்டை நீ பஸ் ஸ்டாண்டில் துணிப்பையில் வைத்துக் கொடுத்தாய். அதன் ஒரு பக்கத்தில் நெயில் பாலீஷால் ஒரு புள்ளி. என் பஸ் கிளம்பிக்கொண்டிருந்தது. "செவப்பு வெச்சிருக்கேன், பார்த்துக்க" என்று ஜன்னல் வழியாகச் சொன்னாய். பார்த்துக்கொள்கிறேன் என்றேன்.

நான் மரவாடிக்காரர் மகள். இது உனக்குத் தெரியும், ஆனால் அந்த நேரத்தில் நினைவு வந்திருக்காது. அப்பாவின் வாடியில் மரத்தின் எந்தப் பக்கத்தில் சிவப்பு விழுகிறதோ அந்தப் பக்கத்துக்கு நேராகத்தான் ரம்பம் ஓடும். முதலில் பட்டையை ஒட்டிப் புறப்பலகை, பிறகு அதற்கு இணையாக அடுத்தடுத்த பலகை. குழந்தையிலிருந்து பார்த்த கண். சிவப்பு என்றால் இங்கே அறு. உன் வழக்கம் வேறு. பட்டைப் பக்கம் எது, மரத்தின் வெளிப்புறம் எது என்று தெரிவதற்காக நீ எல்லாக் கல்லிலும் அப்படிப் புள்ளி வைப்பாய் என்று பின்னால்தான் எனக்குத் தெரிந்தது. அந்தப் புள்ளியிலிருந்து மரத்தின் மையத்தைப் பார்த்து உள்ளே அறுக்க வேண்டும். விறகுக்கட்டையை நடுவில் பிளப்பது போல. அதுதான் ஆரவெட்டு.

திருச்சி ரோட்டில் கிரானைட் அறுக்கிற கடைக்காரர் கல்லைத் திருப்பித் திருப்பிப் பார்த்து, "எப்புடிங்க அறுக்கணும்?" என்று கேட்டார்.

"செவப்பு வெச்ச பக்கத்துக்கு நேரா ஒரு அறுப்பு, அடுத்தாப்ல மெல்லிசா இன்னொண்ணு" என்றேன். யோசிக்கக்கூட இல்லை. அப்பா வாடியில் சொல்கிற அதே வாக்கியம்.

இரண்டு ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் அதை அரைத்தேன். மொசைக் தரை தேய்க்கிறவர்களிடம் வாங்கிய கார்போரண்டம் பொடியைக் கண்ணாடியில் தண்ணீர் விட்டுக் குழைத்து, கல் வில்லையை வட்டமாகத் தேய்த்துக்கொண்டே இருக்க வேண்டும். ஒட்டுவதற்குச் சூடாக்கிய கனடா பால்சம் வீடு முழுக்க மணந்தது. அதுவும் ஊசியிலை மரத்துப் பிசின்தான் என்று நீ சொல்லியிருந்தாய். மாமனார் உள்ளேயிருந்து, "கோயில்ல சாம்பிராணி போடுறாங்களா?" என்று கேட்டார். பக்கவாதத்துக்குப் பிறகு அவர் தெளிவாகக் கேட்ட ஒன்றிரண்டு கேள்விகளில் அது ஒன்று.

நாம் தேடியது என்ன என்று மகளுக்கு இப்போது போனில் சொன்னேன். ஊசியிலை மரத்தின் கட்டை என்பது முழுக்க நீர் ஏறுகிற நுண்குழாய். அந்தக் குழாய்ச் சுவரில் வட்ட வட்டமாகக் குழிகள். பைன் மாதிரி மரங்களில் சட்டைப் பொத்தான் போலத் தள்ளித் தள்ளி இருக்கும். அரோகேரியாவுக்கு மட்டும் இடம் போதாமல் ஒன்றையொன்று நெருக்கி, இரண்டு மூன்று வரிசையாய், நெருக்கத்தில் வட்டம் அறுகோணமாகி, தேனடை மாதிரி ஆகிவிடும். ஆனால் அந்தத் தேனடை தெரிவது ஆரவெட்டில்தான். பட்டைக்கு இணையாக அறுத்தால், அதாவது தொடுவெட்டில், அந்தச் சுவர் கண்ணில் படாது.

திங்கட்கிழமை மூன்றாவது பீரியட் ஓய்வில் லேபில் பார்த்தேன். தேனடை இல்லை. பாசிமணி கோத்தது போலச் சின்னச் சின்னச் செல் அடுக்கு, அங்கங்கே ஒற்றைக் குழி. அந்தப் பாசிமணி, மரத்தின் மையத்திலிருந்து பட்டை வரை ஓடுகிற கதிரின் முனை. ஆரவெட்டில் கதிர் செங்கல் சுவர் மாதிரி நீளமாகத் தெரியும், தொடுவெட்டில் முனை மட்டும் தெரியும். இதை நான் வருடா வருடம் பிள்ளைகளுக்குப் படம் போட்டு நடத்தியிருக்கிறேன். என் கண் எதிரில் பாசிமணி இருக்கிறது. நான் தேனடை இல்லை என்பதை மட்டும் பார்த்தேன். என்ன வெட்டு என்று பார்க்கவில்லை. அசதியில் மூளை மூடிக்கொள்ளும் என்பார்கள். அது சாக்கு. ஆனாலும் நடந்தது அதுதான்.

சனிக்கிழமை நீ லேபுக்கு வந்தாய். நீ நாற்காலியில் உட்காருவதற்கு முன்னாலேயே நான் சொல்லிவிட்டேன்.

"இல்லடி. உன் மரம் இல்ல."

நீ மைக்ராஸ்கோப்பில் குனிந்தாய். ரொம்ப நேரம் பார்த்தாய். வீங்கின விரலால் ஸ்லைடைத் தள்ளித் தள்ளிப் பார்த்தாய். பிறகு நிமிர்ந்து என் முகத்தைப் பார்த்து வாயைத் திறந்தாய். நான் விடவில்லை.

"இன்னொரு தடவ அரைக்கச் சொல்லாதடி. சத்தியமா என்னால முடியாது. உனக்கு ஒரு மரம். எனக்கு வூடு பூரா கட்டை மாதிரி கெடக்குது."

மாமனாரைச் சொன்னேன். என் வாயிலிருந்து அப்படி ஒரு சொல் வருமென்று எனக்கே தெரியாது. சொன்ன பிறகு அழுதேன். நீ பக்கத்தில் வந்து என் தலையில் கை வைத்தாய். "சரி விடுடி. வூட்டுக்குப் போயிக் கொஞ்சம் படு. பாப்பாவுக்குக் கசாயம் வெச்சிக் குடு" என்றாய். ஸ்லைடைக் காகிதத்தில் சுற்றிக் கைப்பையில் போட்டுக்கொண்டு போனாய். மீதிக் கல்லைக் கேட்கவில்லை.

பொங்கலுக்கு முன்னால் செல்லம்மாவின் வீட்டுக்காரர் அதைச் சம்மட்டி வைத்து உடைத்துவிட்டார். உன் ஆராய்ச்சிப் பதிவு அந்தக் கோடையோடு காலாவதியானது. நான் கேட்டபோது, "வயசாச்சுடி, டாக்டர் பட்டம் வாங்கி யாருக்கு ஊசி போடப் போறேன்" என்று சிரித்தாய். நானும் சிரித்தேன். அந்தச் சிரிப்பை நம்புவது எனக்கு வசதியாக இருந்தது. அதற்குப் பிறகும் முகாமில் பக்கத்துப் பக்கத்து நாற்காலிதான், பாதிப் பாதிச் சோறுதான். அரோகேரியா மட்டும் பேச்சில் வரவில்லை.

மாவட்டத்தைக் கடைசியாகப் பிரித்த வருடம் நீ போய்விட்டாய். மூட்டு வலிக்குத் தின்ற மாத்திரையெல்லாம் சேர்ந்து சிறுநீரகத்தைக் கெடுத்துவிட்டதாக உன் தம்பி சொன்னார். காரியம் முடிந்து அவர் மனைவி ஒரு மரப் பெட்டியை என்னிடம் கொடுத்தாள். "இது கண்ணாடித் துண்டுங்க அக்கா, எங்களுக்கு என்னன்னு புரியல. நீங்களும் பாட்டனிதானே." வாங்கி வந்து பீரோவின் மேல் வைத்தேன். திறக்கவில்லை. திறக்காததற்கு நேரமில்லை என்று காரணம் சொல்லிக்கொண்டேன். ஓய்வு பெற்ற பிறகும் அதையே சொல்லிக்கொண்டிருந்தேன்.

கல்லைக் கழுவிய அன்று பெட்டியை இறக்கினேன். எல்லாம் வரிசையாக, உன் சாய்ந்த கையெழுத்தில் சீட்டு ஒட்டி இருந்தது. கடைசியில் என் ஸ்லைடு. நான் கொடுத்தபோது அதில் சீட்டு கிடையாது. நீ ஒட்டியிருக்கிறாய். செல்லம்மா கொல்லை என்று எழுதி, அதற்குக் கீழே: தொடுவெட்டு. ஆரவெட்டு இன்னும் பார்க்க வேண்டும்.

உனக்குத் தெரிந்திருக்கிறது. குனிந்து பார்த்தபோதே தெரிந்திருக்கிறது. ஒரே ஒரு வார்த்தை, "தப்பா அறுத்துட்டடி" என்று திட்டியிருக்கலாம். அந்த முகாமில் முகம் தெரியாத பிள்ளையின் மதிப்பெண்ணுக்காக அவ்வளவு சண்டை போட்டவள், உன் மரத்துக்காக என்னிடம் ஒரு சண்டை போடவில்லை. எனக்கு உன் மேல் கோபம் வந்தது. செத்துப் போனவள் மேல் கோபப்பட்டு என்ன ஆகப்போகிறது என்று தெரிந்தும் அன்று முழுக்கக் கோபமாகவே இருந்தேன். உன்னை விட்டுக்கொடுக்கச் சொல்லி யார் கேட்டது? நான்தான் கேட்டேன்.

திருச்சி ரோட்டில் அந்தக் கடை இப்போது இல்லை. வேறு கடையில் கொடுத்து, "இந்தச் செவப்புலேர்ந்து உள்ள பார்த்து அறுங்க" என்றேன். மெல்லிய வில்லை ஒன்று கிடைத்தது. பதினோரு நாள் அரைத்தேன். இப்போது என் விரலும் வீங்குகிறது, அவசரம் மட்டும் இல்லை. என் பழைய மாணவி ஒருத்தி கல்லூரியில் பாடம் எடுக்கிறாள். அவளுடைய மைக்ராஸ்கோப்பில் வைத்தேன். முதலில் மங்கல். திருகைத் திருப்பத் திருப்பச் செங்கல் சுவர் வந்தது. அப்புறம் அது வந்தது. இரண்டு வரிசை, சில இடத்தில் மூன்று. நெருக்கிக்கொண்டு, அறுகோணமாய்.

"டீச்சர், அழுவுறீங்களா?" என்றாள் அந்தப் பெண். தூசி என்றேன். அவள் பார்த்துவிட்டு, அரோகேரியா குடும்பம் என்பதில் சந்தேகமில்லை, கட்டையை மட்டும் வைத்து அக்காவா தங்கச்சியா என்று பிரித்துச் சொல்ல முடியாது என்றாள். இதே வாசகத்தை நீயும் சொல்வாய். அதனால் முழு நிச்சயம் என்று பொய் சொல்ல மாட்டேன். குடும்பம் அதுதான். அந்தக் கறுப்புப் பொட்டு ஒட்டியிருக்க வேண்டியதுதான்.

போன புதன்கிழமை செல்லம்மாவைப் பார்க்கப் போனேன். சாத்தனூர்ப் பக்கம் பஸ்ஸை விட்டு இறங்கி வெயிலில் நடந்தேன். வீடு கட்டி, மாடி எழுப்பி, பெயிண்ட்கூட உரிந்து பழசாகிவிட்டது. செல்லம்மாவுக்குக் கண் சரியாகத் தெரியவில்லை. குரலை வைத்துக் கண்டுபிடித்தாள். மோர் கொடுத்தாள். நான் விஷயத்தைச் சொன்னேன். நீங்கள் உடைத்தது சும்மா கல் இல்லை, அதற்குப் பேர் இருந்தது, தப்பு என்னுடையது என்றேன்.

அவள் காலால் தரையைத் தட்டிக் காட்டினாள். "இங்கதான் அடியில கெடக்குது. நல்ல கெட்டிக் கல்லுங்க, இத்தினி வருசமா சொவத்துல ஒரு கீறல் வுடல." பிறகு, "அந்த டீச்சரம்மா ஒடச்சப்பொறவும் வந்தாங்களே, உங்களுக்குச் சொல்லலியா?" என்றாள்.

சொல்லவில்லை என்றேன்.

"வந்து, ஒடஞ்சதையே பார்த்துக்கிட்டு ரொம்ப நேரம் ஒக்காந்திருந்தாங்க. நான் பயந்துட்டேன். உங்க சிநேகிதிதான் மரம் இல்லைன்னுட்டாங்களாமே, அப்பறம் என்னங்கன்னு கேட்டேன். அவ பாவம், ஒடம்பு அசந்து போயிருக்கா, தெளிஞ்சதும் அவளே பார்ப்பான்னாங்க."

மோரைக் குடித்து முடித்தேன். திரும்பி வருகிற பஸ்ஸில் உட்கார இடம் கிடைத்தது.

நீ ஐந்து வருடம் காத்திருந்திருக்கிறாய். ஒவ்வொரு முகாமிலும் பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்து, என் முகத்தைப் பார்த்து, இன்னும் தெளியவில்லை என்று மனதுக்குள் சொல்லிக்கொண்டு, சோற்றில் பாதியை என் பக்கம் தள்ளியிருக்கிறாய். நான் பசிக்குச் சாப்பிட்டேன். மாமனார் போனார், வீட்டுக்காரர் போனார், மகள் படித்து வேலைக்குப் போனாள். அசதி மட்டும் என்னை விட்டுப் போகவில்லை. அது போனதும் எல்லாவற்றையும் பார்த்துக்கொள்ளலாம் என்று இருந்துவிட்டேன். அது போகாது என்பது இப்போதுதான் தெரிகிறது. அசதியோடுதான் அரைக்க வேண்டியிருந்தது.

வாசல் தொட்டிக்கு வேறு கல் வைத்துவிட்டேன். இந்த மரம் வளர்ந்தால் பூமத்திய ரேகைப் பக்கமாகச் சாயுமாம். உன் காலத்துக்குப் பிறகு யாரோ அளந்து கண்டுபிடித்திருக்கிறார்கள். நம் ஊரில் என்றால் தெற்கே. உனக்குச் சொன்னால் குதித்திருப்பாய். உன் உலகப் படம் எங்கே போனதென்று உன் தம்பி வீட்டில் யாருக்கும் தெரியவில்லை. ஆனால் பெட்டியின் மூடிக்குள், அட்டையோடு, அந்த ஒற்றைக் கறுப்புப் பொட்டு குண்டூசியில் இருந்தது. பசை காய்ந்துபோய்விட்டது. சோற்றுப் பருக்கை வைத்துப் புது ஸ்லைடின் ஓரத்தில் ஒட்டினேன். சீட்டில் உன் பெயரை எழுதினேன். அதற்குக் கீழே என் கையெழுத்தில் ஆரவெட்டு என்று எழுதி, என் பழைய ஸ்லைடுக்குப் பக்கத்துக் காடியில் சொருகி வைத்தேன்.

தெளிஞ்சதும் அவளே பார்ப்பா என்று சொன்னாயாமே. தெளியலடி. ஆனா பார்த்துட்டேன்.